உப்பு வாரும் கை எது?

போன மாதம் தூத்துக்குடியிலிருந்து கவிதா போன் செய்தாள். நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய சில வருடங்கள் என்னோடு வேலை பார்த்த பெண். இப்போது சொந்தமாக பிசியோதெரபி மையம் வைத்திருக்கிறாள்.

"மேடம், ஒருத்தர் வந்திருக்கார். கடல்ல பலகை மேல நின்னுக்கிட்டே துடுப்புப் போடுற விளையாட்டு இருக்குல்ல, அது விளையாடுறவர். வலது தோள்ல வலி. பார்த்த டாக்டரெல்லாம் ரெஸ்ட் எடுன்னு சொல்லி அனுப்பிட்டாங்களாம். அவரால விட முடியல. நின்ன நிலையில ரெண்டு கையையும் ஒரே கம்புல வச்சு இழுக்கிற ஆளுக்கு நாம என்ன சொல்லணும்?"

ரெஸ்ட் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குப் பழைய எரிச்சல் வந்துவிட்டது. இத்தனை வருடம் கழித்தும் அந்தச் சொல் இன்னும் சாகவில்லை.

"எந்தப் பக்கம் துடுப்புப் போடுதார்?" என்று கேட்டேன்.

"அதைக் கேக்கலையே மேடம்."

"கேட்டுட்டு அப்புறம் பேசு" என்று போனை வைத்துவிட்டேன். நோயாளியிடம் ஊரைக் கேட்பார்கள், வயதைக் கேட்பார்கள், சர்க்கரை இருக்கிறதா என்று கேட்பார்கள். அந்தக் கை நாள் முழுக்க என்ன செய்கிறது என்று மட்டும் கேட்க மாட்டார்கள். பலகை, நீளக் கம்பு, தண்ணீர், வலது தோள். இந்தக் கணக்கை நான் குளத்தூர் உப்பளத்தில் ஒருமுறை போட்டு முடித்தவள். அதை எழுதச் சொல்லிக் கவிதா வெகுநாளாய்க் கேட்டுக்கொண்டிருந்தாள். இப்போது எழுதுகிறேன்.

எழுபதுகளின் நடுவில் மதராஸில் பிசியோதெரபி படித்து முடித்துவிட்டுக் கோவில்பட்டிக்கு வந்தேன். படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எலும்புகளின் பெயர்களை இங்கிலீஷில் மனப்பாடம் செய்தேன், விடுதிச் சாம்பாரைத் திட்டினேன், தேறினேன். ஆனால் எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் பள்ளிக்கூட வாசலை மிதித்தவர் ஒருவரும் இல்லை. கழுகுமலைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அப்பாவுக்குக் கரிசல் காடு இருந்தது, மழைதான் இருக்காது. அம்மா தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கினாள். எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். மருந்து முக்குவதற்காகத் தீக்குச்சிகளைச் சட்டத்தில் ஒவ்வொன்றாக அடுக்கிக் கொடுக்கிற வேலை அது. அப்படி அடுக்கின குச்சிகள்தான் என்னை மதராஸ்வரை கொண்டுபோய்ச் சேர்த்தன. அந்தப் பெருமை எனக்கு நிறைய உண்டு. அதை மறைத்துக்கொள்ளவும் அந்த வயதில் எனக்குத் தெரியாது.

பிசியோதெரபிஸ்ட் என்ற சொல் அப்பாவின் வாயில் கடைசிவரை நுழையவில்லை. 'எம் மக டாக்டருக்கு அடுத்த நாற்காலியில இருக்கா' என்று ஊரில் சொல்லி வைத்திருந்தார். எனக்கு நாற்காலியே கிடையாது. முக்காலிதான் கொடுத்திருந்தார்கள்.

ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் இருந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரி. எக்ஸ்ரே அறைக்குப் பின்னால் உடைந்த கட்டில்களைப் போட்டு வைத்திருந்த அறையைக் காலி செய்து எனக்குத் தந்தார்கள். அதில் ஒரு மரக்கட்டில், சூடு கொடுக்கிற சிவப்பு விளக்கு ஒன்று, உத்தரத்தில் நான் தொங்கவிட்ட கிணற்று உருளை. உருளையில் கயிற்றைப் போட்டு இரண்டு முனையையும் இரண்டு கையில் கொடுத்துவிட்டால், நல்ல கை இறங்கும்போது நோவுள்ள கை மேலே ஏறும். மதராஸில் இதற்குப் பளபளவென்று இரும்பில் ஒரு சாதனம் இருந்தது. இங்கே கிணற்று உருளையும் அதே வேலையைத்தான் செய்தது.

ஆனால் வருகிறவர்கள் எல்லாருக்கும் சிவப்பு விளக்கு மட்டும்தான் வேண்டும். விளக்குக்கு அடியில் தோளைக் காட்டிக்கொண்டு கண்ணை மூடிப் படுத்திருப்பார்கள். கையைத் தூக்குங்கள் என்றால் பஸ்ஸுக்கு நேரமாகிவிடும். கையைத் தூக்கு, இறக்கு, மடக்கு, நீட்டு என்று நான் சொல்வதை வராந்தாவிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த ஆயா எனக்கு டிரில் டீச்சர் என்று பெயர் வைத்தாள். அது ஆஸ்பத்திரி முழுக்கப் பரவி, பஸ்ஸேறி வெளியூருக்கும் போய்விட்டது.

பெரிய டாக்டர் அதைவிட மோசம். கெட்டிக்காரர், கத்தி பிடித்தால் கை நடுங்காது. ஆனால் பேச்சு மட்டும் அளந்துதான் வரும். நோயாளி உள்ளே வந்து நிற்பார். டாக்டர் சட்டையைக் கழற்றச் சொல்ல மாட்டார். சட்டைக்கு மேலாகவே தோளின் முன்பக்கத்தில் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்துவார். அந்த இடத்தில் அப்படி அழுத்தினால் யானையும் கத்தும். நோயாளி முகத்தைச் சுளித்ததும், "ம், ரெஸ்ட்" என்பார். சீட்டில் 'ஹீட், மசாஜ்' என்று எழுதி என் அறைப் பக்கம் தள்ளிவிடுவார். உடனே எழுந்து போய் சோப்புப் போட்டுக் கை கழுவுவார். கை கழுவும் சத்தம் கேட்டால் அடுத்த ஆள் உள்ளே போகலாம் என்று அர்த்தம். மணி அடிக்கிற வேலையே அங்கே இல்லை.

ஒருநாள் சீட்டை எடுத்துக்கொண்டு அவரிடமே போனேன். சார், நான் மசாஜ் செய்வதற்குப் படிக்கவில்லை, எக்சர்சைஸ் என்று எழுதுங்கள் என்றேன். நிமிர்ந்து பார்த்தார். "ரெண்டையும் கையை வச்சுத்தான மிஸ் செய்யுதீங்க?" என்று கேட்டுவிட்டுக் கை கழுவ எழுந்துவிட்டார். அதற்கு மேல் நான் அங்கே நிற்க முடியாது. அடுத்த ஆள் உள்ளே வந்துவிட்டார்.

அய்யாத்துரை என் அறைக்கு வந்தது ஒரு கார்த்திகை மாதத்தில். குளத்தூர்க்காரர், நாற்பதைத் தாண்டியவர், நல்ல உயரம். கூட அவர் மனைவி சண்முகத்தாய். அய்யாத்துரையின் வலது கையை ஒரு துண்டால் நெஞ்சோடு சேர்த்து இறுக்கிக் கட்டியிருந்தது. எப்போது அடிபட்டது என்று கேட்டேன். அடிபடவில்லை என்றார். புரட்டாசியில் தோள் வலி என்று வந்தாராம். பெரிய டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டு, கைக்கு ரெஸ்ட் கொடுக்கச் சொன்னாராம்.

"அதான் கட்டிப் போட்டேன்" என்றார்.

"புரட்டாசியில கட்டினதா? இன்னும் அவுக்கலையா?"

"அவிய எப்ப அவுக்கணும்னு சொல்லலையே."

அவரைக் குறை சொல்லியும் பயனில்லை. அவர் ஊரில் எலும்பு முறிந்தால் நாட்டு வைத்தியர் கட்டுப் போடுவார். கட்டுப் போட்டவர் பிரிக்கச் சொன்னால்தான் பிரிக்க வேண்டும். முந்திப் பிரித்தால் கை கோணிக்கொள்ளும் என்பது அங்கே நம்பிக்கை. டாக்டர் சொன்ன ரெஸ்டையும் அந்த மாதிரி ஒரு கட்டு என்றுதான் அவர் எடுத்துக்கொண்டிருக்கிறார். அது தெரிந்தும் எனக்குக் கோபம் தாங்கவில்லை. குளிப்பதற்காவது அவிழ்ப்பீர்களா என்று கேட்டேன். குளிக்க அவிழ்ப்பாராம், உடனே கட்டிவிடுவாராம். அப்புறம் எப்படிச் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன்.

சண்முகத்தாய் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நாந்தான் ஊட்டி விடுதேன்."

"இடது கையால சாப்பிடக் கூடாதா?"

இரண்டு பேரும் என்னை ஒன்றாக நிமிர்ந்து பார்த்தார்கள். ஏதோ சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டது போல இருந்தது அந்தப் பார்வை.

"பீச்சாங்கையால எப்பிடித் திங்க?" என்றார் அய்யாத்துரை.

துண்டை அவிழ்த்தேன். கையைப் பக்கவாட்டில் தூக்கச் சொன்னால், கை கொஞ்சம் நகர்ந்ததும் தோள்பட்டை மொத்தமும் சேர்ந்து காதை நோக்கி ஏறியது. மூட்டு இறுகிவிட்டது. முதலில் இருந்தது இழுத்து இழுத்து வந்த சாதாரணத் தசைநார் வலி. அதை நிதானமாக வேலை வாங்கியிருந்தால் சரியாகியிருக்கும். ஒரு சொல்லும் ஒரு துண்டும் சேர்ந்து அதைப் பூட்டிவிட்டன.

என்ன வேலை என்று கேட்டேன். அந்த ஆஸ்பத்திரியில் அவரிடம் அதைக் கேட்ட முதல் ஆள் நான்தான். மழைக்காலத்தில் சொந்தக் காட்டில் கொத்தமல்லியும் பருத்தியும் போடுவார். வெயில் காலத்தில் உப்பளத்துக்குப் போவார். பாத்தியில் விளைந்த உப்பை நீளக் காம்பு போட்ட பலகையால் வரப்புக்கு இழுத்துச் சேர்க்கிற வேலை. அந்த வருடம் மழை ஏமாற்றிவிட்டது. மல்லி முளைத்த இடத்திலேயே கருகிவிட்டது. இனி உப்புதான். மாசியில் முதல் வாரல் தொடங்கும். அன்றைக்கு வரிசையில் நிற்க முடியாவிட்டால் அவர் இடத்தில் வேறு ஆளை நிறுத்திவிடுவேன் என்று கங்காணி செல்லையா சொல்லியிருந்தார். அதோடு ஒரு பேச்சும் பேசியிருந்தார். அதைச் சண்முகத்தாய்தான் சொன்னாள்.

"கை ஏறலன்னா கோயில்பட்டிக்குப் போயி, தீப்பெட்டி ஆபீசுல பொம்பளையாளுவளோட உக்காந்து குச்சி அடுக்கச் சொல்லுதாவ."

அய்யாத்துரை சுவரைப் பார்த்துக்கொண்டார். அந்தப் பேச்சு எனக்கும் உறைத்தது. என் அம்மா அடுக்கிய குச்சியை ஓர் ஆண்பிள்ளையின் கேவலத்துக்கு உதாரணமாக ஒருவன் எடுக்கிறானே என்று பற்றிக்கொண்டு வந்தது. மாசிக்குள் இந்தக் கையை ஏற்றியே தீருவது என்று அந்த நிமிஷம் முடிவு செய்தேன்.

முதலில் குனிந்து, நல்ல கையை மேஜையில் ஊன்றி, நோவுள்ள கையைத் தொங்கவிட்டு மெதுவாக வட்டமாக ஆட்ட வேண்டும். கையில் பாதி தண்ணீரோடு ஒரு செம்பைக் கொடுத்தேன். தண்ணீர் சிந்தாமல் ஆட்டினால் தோளை வெட்டி இழுக்க மாட்டார். அடுத்தது துண்டு. முதுகு துடைக்கிற மாதிரி துண்டைப் பின்னால் போட்டு, மேலே இருக்கிற நல்ல கையால் கீழே இருக்கிற கையை மெதுவாக மேலே இழுக்க வேண்டும். கையைக் கட்டிப்போட்ட அதே துண்டாலேயே அதைச் செய்ய வைத்தேன். மூன்றாவது சுவர். வீட்டுச் சுவருக்கு முன்னால் நின்று, எறும்பு ஊர்கிற மாதிரி விரல்களால் ஏற வேண்டும். வலி தொடங்குகிற இடத்தில் நின்று கரியால் ஒரு கோடு போட வேண்டும். மறுநாள் அந்தக் கோட்டுக்கு வந்துவிட்டு, முடிந்தால் ஒரு விரற்கடை மேலே. முடியாவிட்டால் அதே கோடு. அதற்கு மேல் இழுக்கக் கூடாது. இதை நான் சொல்லி, அவரைச் சொல்ல வைத்து, சண்முகத்தாயையும் சொல்ல வைத்தேன். கடைசியில் இரண்டு பேரும், "லைட் எப்ப வைப்பீங்க?" என்று கேட்டார்கள்.

மார்கழி முழுக்க ஒழுங்காக வந்தார். கை தோளின் மட்டத்தைத் தொட்டது. துண்டு முதுகின் நடுவரை ஏறியது. தானே சாப்பிடத் தொடங்கியிருந்தார். நான் கொஞ்சம் நிம்மதியாக இருந்தேன். நிம்மதியாக இருக்கும்போதுதான் பொங்கல் வந்தது.

பொங்கல் முடிந்து வந்தவர் மறுபடியும் கையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு வந்தார். தொட்டால் துள்ளினார். அளத்துக்குப் போனீர்களா, பாரம் தூக்கினீர்களா, விழுந்தீர்களா என்று கேட்டேன். எதுவும் இல்லை. சுவர் ஏறினேன் என்றார். கோடு எங்கே இருந்ததோ அங்கேதான் ஏறினேன் என்று சத்தியம் செய்தார். எனக்குப் புரியவில்லை. வெகுநேரம் குடைந்து கேட்ட பிறகு சண்முகத்தாய் வாயைத் திறந்தாள்.

பொங்கலுக்கு வீடு முழுக்க வெள்ளையடித்தாளாம். கரிக்கோடெல்லாம் சுண்ணாம்பில் மறைந்துவிட்டது. அளவு தவறிவிடக் கூடாதே என்று அவளே ஞாபகமாகக் கடைசிக் கோட்டைத் திரும்பப் போட்டிருக்கிறாள்.

"அதே எடத்துலயா போட்ட?"

"நல்ல நாளும் அதுவுமா... கொஞ்சம் ஏத்திப் போட்டேன்."

"எவ்வளவு?"

கையை விரித்துக் காட்டினாள். ஒரு சாண். மங்கலமான நாளில் போட்ட கோடு, எட்டாமல் விட்டால் குறை என்று அவர் பல்லைக் கடித்துக்கொண்டு அதை எட்டியிருக்கிறார். நான் முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன். சிவப்பு விளக்கைப் போட்டு அவரைப் படுக்கச் சொன்னேன். அன்றைக்கு வேறு ஒன்றும் செய்வதற்கில்லை. விளக்கைப் பார்த்ததும் அய்யாத்துரையின் முகத்தில் அப்படி ஒரு திருப்தி. இதை முதலிலேயே செய்திருக்கலாமே என்று நினைத்திருப்பார்.

மறுபடியும் செம்பிலிருந்து தொடங்கினோம். தை பாதியில் கை பழைய இடத்துக்கு வந்தது. ஆனால் அது போதாது என்று எனக்குத் தெரியும். மூட்டை இளக்கி அனுப்பிவிடுவேன். அவர் அளத்துக்குப் போய் அதே மாதிரி இழுத்தால் சித்திரைக்குள் திரும்ப வந்து நிற்பார். எப்படி இழுப்பீர்கள், செய்து காட்டுங்கள் என்று மூலையில் இருந்த ஒட்டடைக் கம்பைக் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டு முழித்தார். தண்ணீர் இல்லாமல், உப்பு இல்லாமல் எப்படி இழுக்க என்று கேட்டார். பெரிய டாக்டரிடம் ஒரு நாள் லீவு கேட்டேன். எதற்கு என்றார். உப்பு வாருவதைப் பார்க்க என்றேன். "ம்" என்றார். கை கழுவப் போய்விட்டார்.

விளாத்திகுளம் வழியாகப் போய் குளத்தூரில் இறங்கினேன். கரிசல் முடிந்து நிலம் வெளுக்கிற இடத்தில் அளங்கள். பாத்திகளில் தண்ணீர் கண்ணாடியாக நின்றது. முதல் வாரல் தொடங்கவில்லை, ஆனால் ஓரமாக ஒரு பாத்தியில் உப்பு கொஞ்சம் பூத்திருந்தது. அய்யாத்துரை வரப்பில் ஏறி நின்று பலகையை எடுத்தார். நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எதிர் வரப்பில் நின்று பார்த்தேன்.

பார்த்த மாத்திரத்தில் விளங்கிவிட்டது. காம்பின் நுனியை இடது கை இடுப்புக்குப் பக்கத்தில் பிடித்திருக்கிறது. வலது கை காம்பின் நடுவே முன்னால் எட்டிப் போகிறது. பலகையைத் தூரமாகப் போடுகிறார். அப்போது வலது கை தோளுக்கு மேலே முழுசாக நீள்கிறது. அங்கிருந்து உப்பும் தண்ணீருமாக மொத்தப் பாரத்தையும் அந்த ஒரு தோள் இழுத்துக்கொண்டு வருகிறது. கால் நட்ட இடத்தில் நட்டபடி. இடுப்பு அசைவதே இல்லை. நாள் முழுக்க, மாதக் கணக்கில், ஒரே பக்கம்.

அங்கேயே சொல்லிக் கொடுத்தேன். எட்டிப் போடாதீர்கள், ஓர் எட்டு முன்னால் வைத்துப் பக்கத்தில் போடுங்கள். கை தோளுக்குக் கீழேயே இருக்கட்டும். இழுக்கும்போது கையால் இழுக்காதீர்கள். கையைக் கயிறு மாதிரி வைத்துக்கொண்டு உடம்பின் பாரத்தைப் பின்னங்காலுக்கு மாற்றுங்கள், பலகை தானாக வரும். இதையெல்லாம் அவர் சீக்கிரமே பிடித்துக்கொண்டார். வரப்பில் ஏறி இறங்கி வாழ்ந்த உடம்பு அது. கால் தானாகப் பேசியது.

கடைசியாக, கையை மாற்றிப் பிடியுங்கள் என்றேன். கொஞ்ச நேரம் வலது கை முன்னால், கொஞ்ச நேரம் இடது கை முன்னால். அப்போதுதான் ஒரே தோள் சாகாது. அய்யாத்துரை பலகையை வரப்பில் சாத்தி வைத்துவிட்டார்.

பதில் சொன்னது பின்னால் வந்து நின்ற கங்காணி செல்லையா. குட்டையான மனிதர், தலையில் பெரிய உருமால், கையில் குடை.

"ஏலே அய்யாத்துரை, இவியதான் உன் டிரில் டீச்சரா?" என்று கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "ஏம்மா, உப்புன்னா என்னன்னு தெரியுமா? லட்சுமி. கடையில உப்ப எடது கையில வாங்குவியளா? பந்தியில எடது கையால வைப்பியளா? எங்க அளத்துல வந்து பீச்சாங்கையால வாரச் சொல்லுதிய. பூத்த உப்பு கரைஞ்சிரும்."

உப்பு கரைவதற்கு மழை பெய்ய வேண்டும், கை காரணமில்லை என்றேன். அதைக் காதில் வாங்காமல், கை மாற்றிப் பிடிக்கிறவனுக்குத் தன் வரிசையில் இடம் இல்லை என்று சொல்லிவிட்டார். வலது கையால் வார முடிந்தால் வரட்டும், இல்லாவிட்டால் கோவில்பட்டிக்கு பஸ் இருக்கிறது, குச்சி இருக்கிறது என்றார். அய்யாத்துரை தலையைக் குனிந்து நின்றார்.

வெயில் மண்டையில் இறங்கிக்கொண்டிருந்தது. தசை, மூட்டு, நரம்பு என்று நான் படித்ததையெல்லாம் அந்த வரப்பில் வைத்து விளக்கினால் சாயங்கால பஸ்ஸும் போய்விடும். மூட்டைப் பற்றி அந்த மனிதருக்கு என்ன கவலை? அவருடைய கவலை எல்லாம் லட்சுமியைப் பற்றி. சரி, லட்சுமியைப் பற்றியே பேசுவோம் என்று நினைத்தேன்.

"அண்ணாச்சி, ஒரு சந்தேகம்" என்றேன். "பலகையை ரெண்டு கையும்தானே பிடிக்குது. இதுல வாருத கை எது?"

"இது என்ன கேள்வி? வலது கை."

"எதனால வலது கைங்கிய? முன்னால இருக்கதாலயா?"

நான் பலகையை எடுத்து, வலது கையால் காம்பின் நுனியைப் பிடித்து, இடது கையை முன்னால் கொடுத்து நின்றேன்.

"குடையை எங்க பிடிச்சிருக்கிய? காம்பு நுனியில. அரிவாளை, கரண்டியை, எதையும் காம்பு நுனியில பிடிக்கவந்தான் பிடிக்கவன். நுனி யார் கையில இருக்கோ அந்தக் கைதான் வாருத கை. முன்னால இருக்க கை வெறும் தாங்கல். இத்தன வருசமா உங்க வரிசையில நுனி எந்தக் கையில இருந்துச்சு?"

செல்லையா தன் குடையைப் பார்த்தார். பிறகு பாத்தியைப் பார்த்தார். உண்மையில் பாரத்தை இழுப்பது முன்னால் இருக்கிற கைதான். நான் சொன்னது முழுக்கத் தலைகீழ். என் பேராசிரியை கேட்டிருந்தால் சான்றிதழைத் திரும்பக் கேட்டிருப்பார். ஆனால் நான் படித்த பெண், சேலையைச் செருகிக்கொண்டு வெயிலில் நின்று அதைச் சொன்னேன். முகத்தில் ஒரு சிரிப்பும் வரவில்லை.

"அப்ப இத்தன நாளா..." என்று ஆரம்பித்தார். குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, மாசியில் முதல் வாரலுக்கு வந்து நிற்கும்படி அய்யாத்துரையிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். நுனியை எந்தக் கையில் பிடிக்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதே எங்களுக்குப் போதும்.

முதல் வாரலை நான் பார்க்கவில்லை. அய்யாத்துரை பங்குனியில் வந்து சொன்னார். தேங்காய் உடைத்து சூடம் காட்டினதும் வரிசை இறங்கியது. எல்லாரும் பழைய பிடி. இவர் ஒருவர் மட்டும் வலது கையில் நுனி. பக்கத்து ஆட்கள் கேலி பேசியிருக்கிறார்கள். செல்லையா ஒரு அதட்டுப் போட்டிருக்கிறார். களைத்தபோது இவர் பழைய பிடிக்கு மாற்றினார், பிறகு புதுப் பிடிக்கு மாற்றினார். சாயங்காலம்வரை வரிசையில் நின்றார். இடம் போகவில்லை. இதைச் சொல்லி முடித்து எழுந்தவர், மடியில் கிடந்த துண்டை வலது கையால் எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டார். கை முழுசாக மேலே போய் வந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். அன்றைக்கு முழுவதும் நான் யாரிடமும் எரிந்து விழவில்லை என்று ஆயா சொன்னாள்.

அந்த நல்ல காலம் அடுத்த வருடம்வரைதான்.

மறு வருடம் ஆனி மாதத்தில் ஒரு காலைநேரம். வராந்தாவில் குளத்தூர் ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கூட்டிக்கொண்டு வந்தவர் அய்யாத்துரை. ஒவ்வொருவரும் ஒரு கையை அணைத்துப் பிடித்திருந்தார்கள். எல்லாம் இடது கை.

நான் அய்யாத்துரையைப் பார்த்தேன்.

"கங்காணி உத்தரவு டீச்சரம்மா" என்றார். "நுனியை வலது கையில பிடிக்கவந்தான் வரிசையில நிக்கணுமாம். நுனி பிடிக்க கைதான் வாருத கையாம். அவிய தாத்தா காலத்துல இருந்து அப்பிடித்தானாம். நடுவுல எவனோ கெடுத்துட்டானாம்."

"நீங்க மாத்திப் பிடிக்கலாம்னு சொல்லலையா?"

"சொன்னேன். டிரில் டீச்சரே நுனியைத்தான் சொன்னாவன்னு சொல்லிட்டாவ."

பெரிய டாக்டரின் அறையில் கை கழுவும் சத்தம் கேட்டது. ஒவ்வொருவராக உள்ளே போய் முகத்தைச் சுளித்துக்கொண்டு வெளியே வந்தார்கள். சீட்டுகளை வாங்கிப் பார்த்தேன். 'ஹீட், மசாஜ்' என்று எழுதி, மசாஜ் என்பதை அடித்துவிட்டுப் பக்கத்தில் 'டிரில்' என்று எழுதியிருந்தார். அத்தனை சீட்டிலும். அந்த ஆஸ்பத்திரியில் எனக்குக் கிடைத்த பாராட்டு அது ஒன்றுதான். அதையும் அனுபவிக்க நேரமில்லை. அடுத்த லீவுக்கு நான் மறுபடியும் விளாத்திகுளம் பஸ்ஸில் ஏற வேண்டியிருந்தது. இந்த முறை செல்லையாவிடம், வலது கை லட்சுமியின் கை என்றால் இடது கை யாருடைய கை என்று பேசித் தீர்க்க வேண்டியிருந்தது. அதற்கு இரண்டு லீவு ஆயிற்று.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது கவிதா திரும்பக் கூப்பிட்டாள்.

"கேட்டேன் மேடம். வலது பக்கம் மட்டும்தான் துடுப்புப் போடுறாராம். மாத்திப் போட்டா என்னன்னு கேட்டேன். ஒரே பக்கம் போட்டு நேராப் போறதுதான் கெட்டிக்காரத்தனம்னு அவரோட கோச் சொல்லியிருக்காராம். மாத்தினா போட்டி வரிசையில நிக்க விட மாட்டாராம்."

"அந்தக் கோச் பேரு செல்லையாவா?" என்று கேட்டேன்.

"இல்லையே மேடம், ஏன்?" என்றாள் கவிதா.

அந்தக் கோச்சின் போன் நம்பரை வாங்கி அனுப்பச் சொன்னேன்.